போட்டிக்கு முன் போலிங் பந்தைத் தேய்த்துத் தயார் செய்வது எப்படி: சிறு ஊர்ப் பெற்றோருக்கு

நாங்கள் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய். சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் பால்மரம். போலிங் ஆட வேண்டுமென்றால் பட்டர்வொர்த்–கூலிம் நெடுஞ்சாலையைப் பிடித்து, பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போக வேண்டும். என் மகள் இடைநிலைப் பள்ளி இரண்டாம் படிவத்தில் இருக்கும்போது ஆடத் தொடங்கினாள். முதல் பெரிய போட்டிக்கு முந்தின இரவு, "பந்து சொரசொரப்பாக இருந்தால்தான் நன்றாகத் திரும்பும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவள் பந்தை 500-ஆம் எண் பேடால் (பந்தைத் தேய்க்கும் சொரசொரப்பான வட்டு) நான் அழுத்தித் தேய்த்துவிட்டேன். மறுநாள் பந்து பாதி லேன் (பந்து உருளும் பலகைப் பாதை) போவதற்குள்ளேயே இடப்பக்கம் திரும்பி ஓடியது. பதறிப்போய், இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் உட்காரும் இடத்திலேயே மெல்லிய பேடை எடுத்து அதைச் சரிசெய்யப் பார்த்தேன். அதிகாரி வந்து பேடை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஆட்டத்துக்குப் புள்ளி பூஜ்யம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு ஓராண்டு முழுக்கக் கேட்டும், செய்தும், கெடுத்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பக்கத்தில் புரோ ஷாப் (பந்தைத் துளையிட்டு, தேய்த்து, சரிசெய்து தரும் போலிங் கடை) இல்லாத ஊரில் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் அப்பா அம்மாவுக்கு இது போதும்.

தேய்ப்பது எதற்கு என்பதை அம்மியை நினைத்தால் புரிந்துகொள்ளலாம். அரைத்து அரைத்து அம்மி வழுவழுப்பாகிவிட்டால் மிளகாய் வழுக்கும், மசியாது. அப்போது கொத்த வேண்டும். போலிங் பந்தும் அப்படித்தான். லேனில் எண்ணெய் பூசியிருக்கிறது. பந்தின் தோல் சொரசொரப்பாக இருந்தால் எண்ணெயைத் தாண்டிப் பலகையைச் சீக்கிரம் பிடிக்கும். வழுவழுப்பாக இருந்தால் வழுக்கிக்கொண்டே தூரம் போய் அப்புறம்தான் திரும்பும். எங்கே பிடிக்க வேண்டும் என்பதைத் தேய்க்கும் பேடின் எண்ணை வைத்து நாம் முடிவு செய்கிறோம்: எண் குறைந்தால் சொரசொரப்பு கூடும், எண் ஏறினால் வழுவழுப்பு கூடும்.

1. நாட்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

போட்டி சனிக்கிழமை என்றால் அதற்கு முந்தைய சனிக்கிழமையே வேலையைத் தொடங்குங்கள். சனி, ஞாயிறு: பந்திலிருந்து எண்ணெயை எடுப்பது. திங்கள்: தேய்ப்பது. செவ்வாய் அல்லது புதன்: லேனில் இரண்டு மூன்று ஆட்டம் போட்டுப் பார்ப்பது. வியாழன்: தேவைப்பட்டால் ஒரு எண் மாற்றுவது. வெள்ளி: துடைத்துப் பையில் வைப்பது மட்டும். வெள்ளி இரவு பேடைத் தொடவே தொடாதீர்கள். தேய்த்த பந்தைச் சோதிக்க லேன் கிடைக்காத இரவில் தேய்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குச் சமம்.

2. இரண்டு தாள்களைக் கையில் வாங்குங்கள்

முதலாவது, போட்டியின் விதிமுறைத் தாள். நுழைவுப் படிவத்தோடு வரும். பலர் படிவத்தை நிரப்பிவிட்டு விதிமுறையைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் விட்டேன். அதில் மூன்று விஷயம் தேடுங்கள்: எத்தனை பந்து கொண்டுவரலாம், பந்துப் பட்டியல் கொடுக்க வேண்டுமா, எந்த நேரம் வரை மேற்பரப்பை மாற்றலாம். அமெரிக்க போலிங் காங்கிரஸ், அதாவது யுஎஸ்பிசி வகுத்த விதிப்படி, ஆட்டம் தொடங்கிய பிறகு எதையும் கொண்டு பந்தைத் தேய்க்கக் கூடாது. தேய்க்கும்போதும் ஒரு பக்கத்தை மட்டும் தேய்க்கக் கூடாது, முழுப் பந்தையும் தேய்க்க வேண்டும். 2019 ஆகஸ்ட் 1 முதல், ஆட்டத்தின் நடுவே திரவக் கிளீனருக்கும் அங்கே தடை. உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்கலாம். உங்கள் போட்டி எந்த விதியைப் பின்பற்றுகிறது, பயிற்சிப் பந்து போடும் சில நிமிடங்களில் தேய்க்க விடுவார்களா என்பதெல்லாம் ஏற்பாட்டாளருக்கு ஏற்ப மாறும். வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்.

இரண்டாவது, எண்ணெய்த் தாள். போட்டியில் லேனில் எண்ணெய் எவ்வளவு தூரம், எவ்வளவு மில்லி லிட்டர் பூசப்படும் என்பது அதில் இருக்கும். சில ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் நீளத்தை மட்டுமாவது கேளுங்கள். லேனின் நீளம் வீசும் கோட்டிலிருந்து முதல் பின் (பந்து வீழ்த்த வேண்டிய கட்டை) வரை 60 அடி. எண்ணெய் அதில் 35 அடியும் இருக்கலாம், 45 அடியும் இருக்கலாம். அந்தப் பத்து அடி வித்தியாசத்தில் உங்கள் பந்து வேறு பந்தாகிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு: எண்ணெய் நீளத்திலிருந்து 31-ஐக் கழியுங்கள். 41 அடி என்றால் 10 வரும். பந்து ஓரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டிய இடம் ஏறக்குறைய 10-ஆவது பலகை. லேனின் அகலத்தில் மொத்தம் 39 பலகை. வலது கையால் ஆடுபவர் வலது ஓரத்திலிருந்தும், இடது கைக்காரர் இடது ஓரத்திலிருந்தும் எண்ண வேண்டும்.

இவற்றோடு ஒரு பிளாஸ்டிக் கோப்பில் மைகார்ட் எனும் அடையாள அட்டையின் நகல் (12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் மைகிட்), பள்ளி வழியாகப் போனால் பள்ளிக் கடிதம், பணம் கட்டிய ரசீது, பந்துகளின் பெயரும் வரிசை எண்ணும் எழுதிய தாள் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். வரிசை எண் பந்தின் மேலேயே பொறித்திருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு மேசையில் நின்றுகொண்டு பந்தை உருட்டி உருட்டி எண்ணைத் தேடுவது பிள்ளைக்குப் பதற்றம்.

பழைய பந்தை விலைக்கு வாங்கியவர்கள் கவனிக்க: விரல் போகும் ஓட்டைகளைத் தவிர வேறு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எடையைச் சமன் செய்ய முன்பெல்லாம் ஒரு ஓட்டை போடுவார்கள். யுஎஸ்பிசி விதியில் 2020 ஆகஸ்ட் 1 முதல் அதற்கு அனுமதி இல்லை. அதை அடைக்க வேண்டும். அது புரோ ஷாப் வேலை, வீட்டில் முடியாது. அடைத்து, காய்ந்து, சமப்படுத்தித் தர நாளாகும். ஆகவே இதை ஒரு மாதம் முன்பே பாருங்கள்.

3. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும்.

போலிங்குக்கென்றே வரும் பஞ்சு வைத்த வட்டப் பேட் நான்கு: 500, 1000, 2000, 4000. அப்ரலான் என்று கேட்டால் தெரியும். ஒன்று 25 வெள்ளி (ரிங்கிட்), ஆக 100 வெள்ளி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு லிட்டர் 20 வெள்ளி. மைக்ரோஃபைபர் துண்டு மூன்று, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 10 வெள்ளி. தண்ணீர் புகாத டேப் ஒரு சுருள் 5 வெள்ளி. பாத்திரம் கழுவும் திரவம் வீட்டில் இருப்பதே போதும்.

பந்தைச் சுழற்றும் மெஷின் வாங்க வேண்டாம். கையால் தேய்த்தே என் மகள் பந்துகளை இரண்டு ஆண்டாகப் பார்த்துக்கொள்கிறேன். புரோ ஷாப்பில் கொடுத்தால் ஒரு பந்துக்கு 50 வெள்ளி வாங்கினார்கள். எங்கள் ஊரிலிருந்து போக வர பெட்ரோல், நெடுஞ்சாலை டோல், தீவுக்குப் போகும்போது பாலத்து டோல் எல்லாம் அதன் மேலே. பேட்களை ஒருமுறை வாங்கிவிட்டால் பல மாதம் ஓடும். சோதனை ஆட்டத்துக்குத் தனியாக 30, 40 வெள்ளி ஒதுக்குங்கள். அதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண உப்புத்தாள் மலிவுதான். ஆனால் பந்தின் வளைவுக்கு அது வளைந்து கொடுக்காது. மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் பந்தில் தட்டையான இடங்கள் விழும். சமையலறைப் பச்சை ஸ்பாஞ்சும் வேண்டாம். அது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கீறும்.

4. பந்து எந்த வகை என்று பாருங்கள்

ஸ்பேர் எடுக்க, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை வீழ்த்த, வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்தைத் தேய்க்கவே வேண்டாம். நேராகப் போவதுதான் அதன் வேலை. தேய்க்க வேண்டியது வளைந்து திரும்பும் ரியாக்டிவ் ரெசின் பந்து. அதில் சாலிட் வகை இயல்பாகவே சீக்கிரம் பிடிக்கும். பேர்ல் வகை தூரம் போய்த் திரும்பும். ஹைபிரிட் இரண்டுக்கும் நடுவில். பந்து வந்த பெட்டியிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ முதலில் எந்த எண்ணில் தேய்த்து அனுப்பினார்கள் என்று போட்டிருக்கும். அதை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எல்லாம் குழம்பிப்போனால் திரும்பிப் போக வேண்டிய இடம் அதுதான்.

5. எண்ணெயை வெளியே எடுங்கள்

ரியாக்டிவ் பந்து லேன் எண்ணெயைக் குடிக்கும். அறுபது எழுபது ஆட்டம் ஆகிவிட்ட பந்தை அப்படியே தேய்த்தால், மேலே சொரசொரப்பாகத் தெரிந்தாலும் உள்ளே ஊறிய எண்ணெய் வந்து கெடுத்துவிடும்.

விரல் ஓட்டைகளை டேப் போட்டு இறுக்கமாக மூடுங்கள். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பந்தை மூழ்க வையுங்கள். கையை உள்ளே வைத்து வசதியாக இருக்க முடிய வேண்டும், அதுதான் சூட்டின் அளவு. கொதிநீர் ஊற்றினால் பந்தில் விரிசல் விடலாம். இருபது நிமிடம் கழித்து எடுத்தால் மேலே வியர்வை மாதிரி எண்ணெய் துளித்துளியாகத் தெரியும். துடைத்து, தண்ணீரை மாற்றி, துளி வருவது நிற்கும் வரை செய்யுங்கள். அப்புறம் ஓட்டைகளைத் திறந்து ஓரிரவு நிழலில் விடுங்கள்.

வெயிலில் காய வைக்காதீர்கள். ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். இன்னொன்று, நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம்: பந்தைக் காரின் பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) விட்டுவிட்டுப் போகாதீர்கள். மதிய வெயிலில் பூட்டுக்குள் ஏறும் சூட்டில் எண்ணெய் கசியும், பந்தில் விரிசலும் விடும். எங்களோடு ஆடும் ஒரு பையனின் பந்து அப்படித்தான் கட்டைவிரல் ஓட்டையிலிருந்து கீறல் விட்டுப் போனது.

6. தேய்ப்பது

வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உட்காருங்கள். பழைய துண்டை முறுக்கிச் சும்மாடு மாதிரி வட்டமாகச் சுற்றி, அதன் மேல் பந்தை வையுங்கள். உருளாது. விரல் ஓட்டைகளில் மறுபடி டேப். ஓட்டைகளுக்குள் தண்ணீர் போக விடாதீர்கள்.

பந்துக்கு ஆறு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேல், கீழ், இடது, வலது, முன், பின். பேடை நன்றாக நனைத்து, உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்து, வட்டமாகச் சுற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம். நான் கைப்பேசியில் டைமர் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மனசுக்குள் எண்ணினால் கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது அவசரம் வந்துவிடுகிறது. அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கையின் எடை போதும். பேட் உலர விடாதீர்கள். மகளின் பந்து நீலம். தேய்க்கத் தேய்க்க நீலப் பால் மாதிரி வழிந்து ஓடும். ஒரு பக்கம் முடிந்ததும் பேடை அலசி அந்தப் பாலை வெளியேற்றிவிட்டு அடுத்த பக்கம். இல்லாவிட்டால் துகள்களே மறுபடி கீறும்.

எங்கள் தாத்தா பால்வெட்டுக் கத்தியைத் தீட்டும்போது முதலில் கரடுமுரடான கல், பிறகு வழவழப்பான கல் என்று வரிசையாகத்தான் போவார். இங்கும் அதே வரிசை. முழுதாகப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் 500, 1000, 2000 என்று ஏறுங்கள். 500 போட்டுவிட்டு நேராக 4000-க்குத் தாவினால் ஆழமான கீறல் அப்படியே அடியில் இருக்கும், மேலே மட்டும் மழுங்கும். தெரிந்தே அப்படிச் செய்யும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வேண்டாம். பந்து ஏற்கனவே 2000-இல் இருந்து, ஆடி ஆடி வழவழப்பாகிவிட்டது என்றால் 2000 மட்டும் போட்டால் போதும். ஒவ்வொரு தடவையும் 500-இலிருந்து தொடங்கிப் பந்தின் தோலைக் கரைக்காதீர்கள்.

முடிந்ததும் கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகு இரவில் டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். 500 போட்ட பந்தில் விளக்கே தெரியாது, மங்கலாக ஒரு வெளிச்சம் மட்டும் இருக்கும். 2000-இல் விளக்கு இருப்பது தெரியும், விளிம்பு கரைந்திருக்கும். 4000-இல் கோடு மாதிரி நீளமாகத் தெரியத் தொடங்கும். பந்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்காவது திடீரென்று பளிச்சென்று தெரிந்தால் அந்த இடம் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் விரல் ஓட்டைகளுக்குப் பக்கத்திலும், நேர் எதிர்ப் பக்கத்திலும்தான் விட்டுப்போகும்.

புதுப் பேட் அதிகம் கீறும், பழைய பேட் குறைவாகக் கீறும். எண் ஒன்றாக இருந்தாலும் பந்து ஒன்றாக இராது. இதனால் நாங்கள் ஒரு போட்டியில் ஏமாந்தோம். அதிலிருந்து ஒவ்வொரு பேடின் பின்னாலும் மார்க்கர் பேனாவால் எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று கோடு போடுகிறேன்.

7. எந்த எண்ணில் நிறுத்துவது

எண்ணெய் 43 அடிக்கு மேல் நீளம் என்றால் சாலிட் பந்தை 1000 அல்லது 2000-இல் நிறுத்தித் தொடங்குங்கள். 37 முதல் 42 அடி வரை 2000 பக்கம் போகலாம். அதைவிடக் குட்டையாக இருந்தால் சொரசொரப்பு வேண்டாம். 4000, இல்லையென்றால் பாலிஷ் போட்ட பேர்ல் பந்து. எத்தனை மில்லி லிட்டர் என்பதையும் பாருங்கள். 30-ஐ நெருங்கினால் கனமான எண்ணெய், ஒரு எண் கீழே இறங்கலாம். இவை தொடங்கும் இடங்கள் மட்டுமே. பிள்ளை எவ்வளவு வேகமாக வீசுகிறாள், கை எவ்வளவு சுழற்றுகிறது என்பதற்கு ஏற்ப மாறும். மெதுவாக வீசும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு எண் மேலேயே வையுங்கள். அவர்கள் பந்து இயல்பாகவே சீக்கிரம் பிடிக்கும்.

8. லேனில் சோதனை

குறைந்தது இரண்டு ஆட்டம், முடிந்தால் மூன்று. பந்து கீழ்க்கண்டவற்றில் எதைச் செய்கிறது என்று பின்னால் நின்று பாருங்கள்.

எல்லாப் பந்தும் சீக்கிரமே திரும்பி, பின்களைத் தொடும்போது சோர்ந்து போகிறதா? ஒரு எண் மேலே. பாக்கெட்டில் (வலது கைக்காரருக்கு முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவில்) சரியாக விழுந்தும் வலது மூலையில் நிற்கும் 10-ஆம் பின் மட்டும் திரும்பத் திரும்ப அசையாமல் நிற்கிறதா? அதற்கும் பெரும்பாலும் அதே மருந்து. வழுக்கிக்கொண்டே போய்த் திரும்பாமல் வலப்பக்கமே தவறுகிறதா? ஒரு எண் கீழே. ஒரு தடவையில் ஒரு எண்தான் மாற்ற வேண்டும். பிள்ளை நிற்கும் இடத்தையும் பந்தின் எண்ணையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

பயிற்சி செய்யும் லேனில் போட்டி எண்ணெய் இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள். சாதாரண நாள் எண்ணெய் நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருந்து, தவறை மன்னிக்கும். போட்டி எண்ணெய் பெரும்பாலும் அப்படி இருக்காது.

சொரசொரப்பு தங்காது. எங்கள் அனுபவத்தில் 1000-இல் விட்ட பந்து ஆறு ஆட்டத்துக்குள் வழவழப்பாகத் தொடங்கிவிடுகிறது. சோதனைக்கு மூன்று, போட்டிக்கு ஆறு என்று கணக்குப் போட்டு, வியாழக்கிழமை அதே எண்ணில் லேசாக, பக்கத்துக்குப் பதினைந்து விநாடி மட்டும் தொட்டு விடுகிறோம். இரண்டு நாள் போட்டி என்றால் முதல் நாள் மாலையிலும் அப்படியே.

9. போட்டி நாள்

ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பாலத்தில் நெரிசல் என்றால் அதற்கும் சேர்த்துக் கிளம்புங்கள். பந்துப் பை காரில் பிள்ளை உட்காரும் பக்கம், ஏர்கோன் படும்படி இருக்கட்டும். போனதும் பதிவு மேசையில் கோப்பைக் கொடுத்து, தேய்க்க அனுமதித்த இடமும் நேரமும் உண்டா என்று இன்னொரு முறை கேளுங்கள். ஆல்கஹாலில் துடைப்பதானால் ஆட்டம் தொடங்கும் முன் துடையுங்கள். அப்புறம் பேட், ஆல்கஹால் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். கையில் இருந்தால் எடுக்கத் தோன்றும்.

பிள்ளையிடம் உலர்ந்த துண்டு இரண்டு இருக்கட்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் பந்தில் வளையமாகப் படிந்திருக்கும் எண்ணெயைத் துடைக்கப் பழக்குங்கள். ஆட்டத்தின் நடுவில் பந்து மாறி நடந்தால் மாற்ற வேண்டியது நிற்கும் இடத்தை, இல்லையென்றால் அடுத்த பந்தை எடுக்க வேண்டும். என் மகள் இப்போது இரண்டு சாலிட் பந்து கொண்டுபோகிறாள், ஒன்று 2000, ஒன்று 4000. போன போட்டியில் மூன்றாவது ஆட்டத்தில் என் பக்கம் திரும்பி, "அப்பா, இது சீக்கிரம் புடிக்குது, மத்ததை எடுக்கவா?" என்று கேட்டாள். நான் தலையாட்டுவதற்குள் எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.